லவீனியா சொன்ன சாட்சி

எல்க் ஃபோர்டில் நாங்கள் குடியிருந்த வீடுகள், தண்ணீர்க் கிணறு, மளிகைக் கடை எல்லாம் ரயில் கம்பெனியுடையவை. எனக்கு அடுத்த வீடு லவீனியா ஸ்ட்ராட். கடையில் புழுத்த மாவைக் கொடுத்தாலும் வாய் திறக்காமல் வாங்கி வருகிறவள். அவள் கணவன் எஸ்ரா ரயில் பெட்டிகளை இணைக்கும் ஆள். நகர்ந்து வரும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று, இரும்பு வளையத்துக்குள் ஆணியை இறக்க வேண்டும். அக்டோபரில் ஒருநாள் ஆணி இறங்கவில்லை. எஸ்ரா நசுங்கிச் செத்தான்.

குடித்திருந்தான் என்றது கம்பெனி.

இப்படிப்பட்ட சாவுகளை விசாரிக்கச் சட்டசபைக் குழு வரப்போகிறது என்றார்கள். உடனே கம்பெனி ஏஜென்ட் பில்லிங்ஸ்லி லவீனியாவின் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"காபி ஜோரும்மா. வீடும் கதகதப்பா இருக்கு. பனி கொட்டுற நேரத்துல பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்க போவே?"

"போகச் சொல்றீங்களா ஐயா?"

"நான் எங்கம்மா சொன்னேன்? அன்னிக்கு அவன் கொஞ்சம் போட்டிருந்தான்னு குழு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லு. வீட்டுல நீயே இருந்துக்கோ."

அவர் போனதும் லவீனியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடறேன் டில்டா. எனக்குப் பயமா இருக்கு."

விசாரணை நாளில் ஸ்டேஷன் வழியாகப் போனோம். குழுத் தலைவர் கம்பெனி சூப்பரின்டெண்டின் சொந்த ரயில் பெட்டியிலிருந்து இறங்கினார். பின்னாலேயே சூப்பரின்டெண்ட். இருவர் வாயிலும் சுருட்டு, ஏதோ சிரிப்பு.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வராங்க," என்றாள் லவீனியா.

கோர்ட்டில், குழு முன்னால் கம்பெனி வக்கீல் கேட்டார்: "உங்க புருஷன் குடிச்சிருந்தாரா?"

பின்சுவரோரம், எஸ்ராவோடு ரயில் யார்டில் பெட்டி இணைத்த ஆட்கள் தொப்பியைக் கையில் வைத்து நின்றிருந்தார்கள். பாதிப் பேருக்கு விரல்கள் முழுசாக இல்லை. லவீனியா அவர்களைப் பார்த்தாள். ஏதோ முனகினாள்.

"சத்தமா சொல்லும்மா," என்றார் தலைவர்.

"குடிக்கல. ஆணி வளைஞ்சிருந்துச்சு. செத்த கையில இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. நான்தான் விரலைப் பிரிச்சு எடுத்தேன்."

"அந்த ஆணி எங்கே?"

"கம்பெனி ஆளுங்க வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க."

தலைவர் சூப்பரின்டெண்டைப் பார்த்தார். "போதும், இறங்கும்மா."

அந்த வாரமே அவள் கட்டிலும் தொட்டிலும் பனியில் கிடந்தன. எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். "வேண்டாம்டி, உன்னையும் துரத்துவானுங்க," என்று குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, ஒரு விவசாயியின் வண்டியில் ஏறி ஒமாஹா நகரத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை யார்டில் ஒருவனும் பெட்டிகளுக்கு நடுவே போகவில்லை. வளைந்த ஆணிகளை மாற்றினால்தான் வேலை என்றார்கள். கவர்னர் படையை அனுப்புகிறார் என்று வதந்தி. சன்னல்களைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, குழந்தைகளைக் கட்டிலுக்கடியில் படுக்க வைத்தோம். படை வரவில்லை. ஒரு சரக்குப் பெட்டி நிறையப் புது ஆணிகள் வந்தன. ஏன் வந்தன என்று கம்பெனி சொல்லவில்லை. குழுவின் அறிக்கையில் லவீனியாவின் பெயரே இல்லை.

ஒமாஹாவில் அவள் சலவைக்கடையில் வேலை செய்து மகளை வளர்த்தாள். ஒருமுறை பார்க்கப் போனேன். கதவைத் தட்டியதும் உள்ளே அரவம் அடங்கிவிட்டது. என் குரலைக் கேட்ட பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது. அவள் போன மறுநாளே ஆட்கள் வேலையை நிறுத்தியதையும், புது ஆணிகள் வந்ததையும் சொன்னேன்.

"நிஜமாவா?" என்று கேட்டு, ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.