கேமராவுக்குள் போகாத பிலிம்

பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிற வேலை அவளுக்கு. கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் லிஃப்ட் அக்கா. ஃபோன் தண்ணீரில் விழுந்து, மகளின் மூன்று வருடப் படங்கள் மொத்தமாகப் போன பிறகு அவளுக்கு ஃபோன் மேல் இருந்த நம்பிக்கை விட்டுப்போனது. பழைய பொருள் கடையில் ஒரு பிலிம் கேமரா வாங்கினாள். இந்தக் காலத்தில் போய் பிலிமா என்று சிரித்தவர்களிடம், கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த மாடியின் பொத்தானை அழுத்துவாள்.

பிலிம் கழுவ அந்தப் பெரிய நகரத்தில் அவளுக்குத் தெரிந்து இரண்டே இடங்கள். கண்ணாடிக் கதவு போட்ட கடையில் ஒரு ரோலுக்கு அவளுடைய இரண்டு நாள் சம்பளம் கேட்டார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கடையில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். வேறு யோசனை இல்லாமல் அங்கே கொடுத்தாள்.

தங்கை வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று ஒரு ரோல் முழுவதையும் அவளுக்காகவே செலவழித்திருந்தாள். கழுவி வந்ததில் முதல் படம் தொடங்கி கடைசிப் படம் வரை தலைமுடி பருமனில் நேர்கோடாக ஒரு கீறல். பாதிப் படங்களில் அது தங்கையின் கண்களுக்குக் குறுக்கே ஓடியது. கடைக்காரர் நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கக்கூட இல்லை. கேமராவில் கோளாறு என்றார். அவள் கேமராவைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனாள். அவர் பிரித்துப் பார்த்து, உள்ளே மண்ணும் இல்லை தூசியும் இல்லை என்றார். அடுத்த ரோலிலும் அதே கீறல், அதே பதில்.

பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. புது ரோல் ஒன்று வாங்கினாள். அதைக் கேமராவில் போடவே இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியை, டப்பாவின் குமிழைத் திருகி உள்ளே இழுத்துவிட்டாள். இப்போது பார்த்தால் எடுத்து முடித்த ரோல் மாதிரியே இருந்தது. அதைக் கழுவக் கொடுத்தாள்.

சனிக்கிழமை போனபோது கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரர் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"ஒரு படம்கூட விழலம்மா. ஷட்டர் போயிடுச்சு. கீறலும் அப்படியே இருக்கு பாருங்க. நான்தான் சொன்னேனே, கேமராவ மாத்துங்கன்னு."

"இந்த ரோல் எந்தக் கேமராவுக்குள்ளயும் போகல சார். டப்பாவுல இருந்து நேரா உங்க கைக்குத்தான் வந்துச்சு."

நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது. குடுக்கிற காசுக்கு இவ்வளவுதான் வரும், சுத்தமாக வேண்டுமென்றால் கண்ணாடிக் கதவுக் கடைக்குப் போகச் சொன்னார்.

"விலை கம்மின்னு போர்டுல எழுதியிருக்கீங்க. கீறித் தருவோம்னு எழுதலையே," என்று சொல்லிவிட்டு அவள் பிலிமைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

தெருவில் இறங்கியதும் பின்னாலேயே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தபால்காரர், இன்னொருவர் பள்ளி ஆசிரியை. இருவர் படங்களிலும் அதே கோடு. நாமே கழுவினால் என்ன என்று முதலில் கேட்டது ஆசிரியைதான். மூன்று பேரும் பங்கு போட்டு மருந்துகளும், மூடி போட்ட கழுவும் தொட்டியும் வாங்கினார்கள். லிஃப்ட் அக்காவின் கணவர் தையல்காரர். வெளிச்சம் படாமல் பிலிமைத் தொட்டிக்குள் சுற்ற வேண்டும் என்று அவள் விளக்கியதும், தடித்த கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, கை நுழைகிற இடத்தில் எலாஸ்டிக் போட்டு ஒரு பை தைத்துக் கொடுத்தார். பைக்குள் கையை விட்டுக்கொண்டு அவள் கண்ணை மூடிப் பழகினாள்.

அவள் வீட்டுக் குளியலறையில் முதலில் கழுவியது தபால்காரரின் ரோல். மருந்துகளை வரிசை மாற்றி ஊற்றியதில் எல்லாம் அழிந்து, வெறும் கண்ணாடி போல வந்தது. அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். தபால்காரர் அதை நுனி முதல் நுனி வரை உருட்டிப் பார்த்தார்.

"படம்தான் இல்ல. கீறலும் இல்லையே."

அன்று மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அடுத்த வாரம் ஆசிரியையின் ரோல் ஒரு புள்ளிகூட இல்லாமல் வந்தது. செய்தி பரவியது. மருந்துச் செலவோடு தன் உழைப்புக்கும் கொஞ்சம் சேர்த்து அவள் ஒரு விலை வைத்தாள். பேருந்து நிலையக் கடையின் விலையைவிட அது கூடவில்லை.

மாடியில் குடியிருந்த வீட்டு உரிமையாளருக்கு விஷயம் எட்டியது. வீட்டைத் தொழிற்சாலை ஆக்கிவிட்டதாகவும், மருந்து நாற்றம் மாடி வரைக்கும் வருவதாகவும் சத்தம் போட்டார். அவள் குளியலறைக் கதவைத் திறந்து அவரையே உள்ளே வரச் சொன்னாள். அவர் மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது. கொடியில் எட்டுப் பிலிம்கள் கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் நிறுத்திடும்மா," என்றார், குரலை இறக்கி.

"நிறுத்த மாட்டேங்க. குளியலறைக்கும் சேர்த்துத்தானே வாடகை வாங்குறீங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அதன் பிறகு படிக்கட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்புகள் இன்னும் கூடின. அவள் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, கறுப்புப் பைக்குள் இரண்டு கைகளையும் நுழைத்தாள்.