ஐந்து மணிக்கு ராஜன் உறங்கவில்லை

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. ஆனாலும் ஒரு மதியம், சர்க்கரை இறங்கிச் சாகப்போகிறேன் என்று நம்பி, நன்னாரி சர்பத்தைத் தண்ணீர் கலக்காமல் பாதி பாட்டில் குடித்தவன் நான்.

டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் சென்சார் பயிற்சி கொடுப்பது என் வேலை. வகுப்பில் காட்டுவதற்காக ஒன்றை என் மேல் கையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்வேன். அது தோலுக்கடியில் சர்க்கரையை அளந்து போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அன்று சாப்பிட்டுவிட்டு அந்தக் கையின் மேலேயே சரிந்து உறங்கிவிட்டேன். அலாரம் கத்தியது. சர்பத் உள்ளே போன கையோடு விரலில் குத்திப் பார்த்தால், ஒரு குறையும் இல்லை. கை அமுங்கினால் சென்சார் பொய்யாக இறக்கம் காட்டும் என்று அதோடு வரும் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அந்தப் புத்தகத்தை நான் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். வாசித்தது இல்லை.

அதற்குப் பிறகு அதுவே என் செல்லப் பாடமாகிவிட்டது. பாறசாலையிலிருந்து கள்ளிக்காடு வரை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சர்பத் கதையைச் சொல்லாமல் இறங்கியதில்லை. எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு வரும் இடத்திலெல்லாம் நாம் சொல்வது சரி என்று ஒரு எண்ணம் வந்துவிடும். வம்பு அங்கேதான்.

வெள்ளறடை வகுப்பு

வெள்ளறடைப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர், மூன்று நர்ஸுகள். அன்றைய பாடத்துக்கு எடுத்துக்கொண்ட நோயாளி ராஜன். முப்பது வயது தாண்டியவர். டைப் ஒன், அதாவது உடம்பு இன்சுலினைச் சுரப்பதே இல்லை. சின்ன வயதிலிருந்து ஊசிதான். இரண்டு வாரம் கையில் சென்சார் ஒட்டியிருந்துவிட்டு வந்து, வெளியே பெஞ்சில் இருந்தார். அவருடைய கிராஃபைத் திரையில் போட்டேன். தினமும் காலை ஐந்து மணிக்கு மேல் ஒரு குழி. ஒன்பது மணிக்கு ஒரு மலை.

"இந்தக் குழி பொய்யாக்கும் டாக்டர். ஆளு கையில சரிஞ்சு உறங்குதாரு. ஒம்பது மணி ஏற்றந்தான் நெசம். ராத்திரி இன்சுலின ரெண்டு யூனிட் ஏத்தினா சரியாவும்" என்றேன். சர்பத் கதையையும் சொன்னேன். சிரித்தார்கள். டாக்டர் சிரித்தபடியே பேனாவைத் திறந்தார்.

ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"சார், அஞ்சு மணிக்கு இந்த ஆளு உறங்குதுன்னு ஆரு சொன்னா?"

"கிராஃப் சொல்லுது சிஸ்டர்."

"அதுல உறக்கம்னு எங்க எழுதியிருக்கு?"

நான் திரையைப் பார்த்தேன். எங்கும் எழுதியிருக்கவில்லை. ராஜனை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் நகக்கண்களில் ரப்பர் பால் கறுத்துக் காய்ந்திருந்தது.

"மக்கா, காலம்பற எப்ப எழும்புவ?" என்று கேட்டார் சிஸ்டர்.

"நாலு மணிக்கு. தலையில லைட்டக் கட்டிட்டு ரப்பர் வெட்டப் போவேன். முடிய ஏழு மணி ஆவும்."

"போறதுக்கு மின்ன என்ன தின்னுவ?"

"கட்டன் காப்பி. பாலும் சீனியும் இடாம. சீனி கூடாதுன்னு இங்க சொன்னதாக்கும்."

"வெட்டுக்கு எடையில கைகால் விறயல் வருமா?"

"வரும். ஒரு மரம் ரெண்டாத் தெரியும். கொஞ்ச நேரம் குத்தவச்சு இருப்பேன். ஒருக்க கத்தியோட சரிஞ்சும் போனேன்." இடது மணிக்கட்டில் இருந்த தழும்பைக் காட்டினார். "பின்ன வீட்டுல வந்து மரச்சீனி ஒரு சட்டி தின்னுவேன்."

ஒன்பது மணி மலை அந்த மரவள்ளிக்கிழங்குச் சட்டிதான்.

"அலாரம் அடிக்கலியா?" என்று நான் கேட்டேன்.

"அடிச்சுது சார். பால் கையோட போன எடுக்க ஒக்குமா? சத்தத்த நிறுத்திட்டேன்."

"இத முன்னாடியே சொல்லப்பிடாதா?"

"ஆரும் கேக்கல்லியே."

டாக்டர் பேனாவை மூடினார். கையில் கத்தி, காலடியில் சரிவு, கூப்பிட்டால் கேட்க ஆளில்லாத வேளை. அந்த மனிதருக்குத்தான் நான் இன்சுலினை ஏற்றச் சொல்லியிருந்தேன்.

டாக்டர் டோஸைக் குறைத்து எழுதினார். வெட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு பழம், சட்டைப் பையில் குளுக்கோஸ். போன் அதிர்ந்தால் அதை எடுக்கவே வேண்டாம், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குளுக்கோஸைத் தின்றால் போதும். அடுத்த கிராஃபில் குழி மேடேறியிருந்தது. மலையும் பாதியாகியிருந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

சென்சாருக்குச் சர்க்கரை தெரியும். ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரியாது. கை அமுங்கினால் அது பொய் சொல்லும் என்பதும் உண்மைதான். ஆனால் உறங்குகிற கையா, ரப்பர் வெட்டுகிற கையா என்று முதலில் கேட்கவேண்டும். இப்போது என் வகுப்பில் கிராஃபுக்கு முன்னால் ஒரு வெற்றுத்தாள் வரும். நோயாளி எப்போது எழும்புகிறார், என்ன வேலை, எப்போது தின்கிறார் என்று நர்ஸுகள் கேட்டு நிரப்பிய பிறகுதான் திரையைத் திறப்பேன். சர்பத் கதை இன்னும் உண்டு. கடைசியில்.

சென்ற முறை வெள்ளறடையில் கிராஃபை விளக்கியது ஸ்டெல்லா சிஸ்டர். நான் நர்ஸுகளோடு பின்வரிசையில் இருந்தேன். முடிந்ததும், நன்றாயிருக்கிறது என்பதற்கு அந்தப் பக்கம் சொல்லும் 'கொள்ளாம்' ஒன்று விழும் என்ற நப்பாசையில், "இன்னைக்கு நம்ம கிளாஸ் எப்பிடி சிஸ்டர்?" என்று கேட்டேன்.

பி.பி. பார்க்கும் பட்டையைச் சுருட்டிக்கொண்டே சிஸ்டர் சொன்னார்:

"சார் பேச்சக் கொறச்சீங்க, கொள்ளாம்."