மாற்று வழியும் மச்சான்மாரும்

எங்கள் அலுவலகத்தில் ஒருவரிடம் "நீர் மாற்று ஆள்தான், மற்றவர் வராவிட்டால் மட்டும் வாரும்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அவரும் தலையாட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறார். ரொறொன்ரோவில் எனக்கு இன்னும் பழகாத சங்கதி இது. எங்கள் ஆட்களிடம் அப்படிச் சொன்னால் அடுத்த கலியாணவீட்டில் முகம் பார்க்கமாட்டார்கள்.

பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்பில் எனக்குக் கொன்ட்ராக்ட் வேலை. தரவுப் பொதிகளில் லேபல் ஒட்டி, சந்திக்குச் சந்தி முழு விலாசமும் விசாரிக்காமல் தள்ளிவிடுகிற முறைகளில் நல்லதொன்றைத் தெரிந்தெடுத்துக் கொடுக்கவேண்டும். பழைய முறையில் ஒவ்வொரு பாதையையும் வழிச்சந்திகளிலுள்ள றவுட்டர் கருவிகளெல்லாம் நினைவில் வைத்திருக்கும். புதிய 'செக்மென்ற் றவுட்டிங்'கில் பொதியே தன் பாதையைச் சுமந்துபோகும். லைன் அறுந்தால் முன்னமே கணித்துவைத்த மாற்றுவழியில் கண்மூடித் திறக்குமுன் திரும்பிவிடும். நான் புதியதற்கே நின்றேன். ஒரு லைனை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கும் சோதனையில் பேச்சு அறுந்தால் பழையதுதான், என் கொன்ட்ராக்டும் அத்தோடு சரி என்று மேலாளர் லிண்டா இனிமையாகச் சொல்லிவிட்டார்.

அந்தக் கிழமைதான் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கினா. எனக்கு வேலை. விமான நிலையத்துக்குப் போகும்படி மனைவியின் தம்பி குகனைக் கேட்டேன். அவன் எதற்கும் அவசரப்படாத பிறவி என்பதால் மற்றத் தம்பி செல்வனையும் தனியாகக் கேட்டுவைத்தேன். யார் மாற்று என்று இருவரிடமும் சொல்லவில்லை, சொல்ல முடியுமா? அவர்கள் தங்களுக்குள் கதைத்து, ஒருவர் போகாவிட்டால் மரியாதையில்லை என்று ஒரே வான் வண்டியில் ஏறிவிட்டார்கள். நெடுஞ்சாலை நடுவில் வான் படுத்துவிட்டது.

"அத்தான், நாங்கள் ரெண்டு பேரும் நிக்கிறம், யோசியாதேங்கோ," என்றான் குகன் போனில்.

"வான் ஓடுதோ?"

"அது மட்டும்தான் இல்லை."

அம்மா ராக்சி பிடித்து வந்து சேர்ந்தா. சிரித்துக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று வலையமைப்பில் நான் போட்ட மாற்றுவழி நினைவுக்கு வந்தது. மறுநாள் வரைபடத்தை விரித்தேன். என் பிரதான வழியும் மாற்றுவழியும் ஒரே பாலத்தடியில், ஒரே குழாய்க்குள் படுத்திருந்தன.

லிண்டாவிடம் ஓடிப்போய், என் மச்சான்மார் இரண்டு பேரும் ஒரே வானில் இருக்கிறார்கள் என்றேன். அவர் பதறி, யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டார். வரைபடத்தைக் காட்டி விளங்கப்படுத்தி முடிய, மாற்றுவழியைப் பிறம்ரன் நகரப் பக்கத்தால் சுற்றி விடச் சம்மதித்தார்.

சோதனை நாளில் அந்த வலையமைப்பூடாக வீட்டுக்கு அழைத்து, அம்மாவைக் கதைத்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். அது அவவுக்குச் சிரமமான வேலையில்லை.

"எங்கடை வீட்டிலை எண்டால் கதவு திறந்தபடிதான் கிடக்கும்…"

லிண்டா பாலத்தடி லைனை நிறுத்தினார்.

"…உங்கடை வீட்டிலை கதவைத் தொட்டாலே அலாரம் கத்துது, தம்பி."

ஒரு சொல்லும் அறுபடவில்லை. லிண்டா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்; புதிய முறையும் நிலைத்தது, நானும் நிலைத்தேன். அம்மா நிறுத்தாமல் கதைத்துக்கொண்டிருந்தா. 'எங்கடை வீடு' பாலத்தடியால் வந்தது. 'உங்கடை வீடு' பிறம்ரனைச் சுற்றிக்கொண்டு வந்தது. இரண்டும் வந்து சேர்ந்தது என் ஒரே காதுக்குள்.