ஒத்தக்கால் மாமாவுக்கு ஒரு வேண்டுதல்

எங்கள் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் விரிப்புகளை அவள் மடித்தால் ஓரத்தோடு ஓரம் ஒட்டி நிற்கும். பேச்சும் அப்படித்தான், பொய் கலக்காது. போனில் யாராவது கேட்டால் தான் இல்லை என்று சொல்லச் சொல்லி சூப்பர்வைசர் கை காட்டுவார். "வாசலுக்கு வெளிய போய் நில்லுங்க சார், அப்புறம் சொல்றேன்" என்பாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே போய் நிற்பார்.

அப்படிப்பட்டவள் அந்த வெள்ளிக்கிழமை ஒரே விரிப்பை மூன்று தடவை மடித்தாள், மூன்று தடவையும் பிரித்தாள். எதிர் முனையைப் பிடித்திருந்த எனக்குக் கை கடுத்தது.

"என்னக்கா ஆச்சு?"

"எல்லாம் எங்க வீட்டுக்காரர் வாயால வந்தது" என்றாள்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். தங்கமான மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது. அவர்களுக்கு ஆறு வயதில் ஒரே மகள். வீட்டு வாஷிங் மெஷினில் துணி போட்டால் அவளுடைய சாக்ஸில் ஒன்று காணாமல் போய்விடும். எங்கே போச்சு என்று குழந்தை கேட்டதற்கு, "மெஷினுக்குப் பின்னாடி ஒத்தக்கால் மாமா இருக்காரு. அவருக்கு ஒண்ணு போதும்ல, அதான் ஒண்ணு மட்டும் எடுத்துக்கறாரு" என்று சொல்லி வைத்தார். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. பதினோரு வருஷம் மெஷினோடு பழகிய மடிப்பக்காவுக்கு சாக்ஸ் எங்கே போகும் என்று தெரியாதா? சிரிப்பைக் கெடுப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

சிரித்த குழந்தை பிறகு யோசிக்க ஆரம்பித்தது. அந்த வீட்டில் சாயங்காலம் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து கடவுளை வேண்டுவார்கள். ஒருநாள் குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "சாமி, ஒத்தக்கால் மாமாவுக்கு இன்னொரு கால் குடு" என்றது. மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும். இல்லாத ஆளுக்காகக் கேட்கும்போது கூடச் சேர்ந்து கைகூப்பலாமா, கூடாதா என்று இவளுக்குத் தெரியவில்லை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சனிக்கிழமை துவைக்கப் போடுவதற்கென்று குழந்தை தன்னுடைய புதுச் சிவப்பு சாக்ஸை எடுத்து வைத்திருந்தது.

"சாமி குடுத்துட்டார்னா மாமா இந்தத் தடவ ரெண்டையும் எடுத்துப்பாரும்மா. பாரேன்."

"ரெண்டும் அப்படியே இருந்தா?"

"அப்ப சாமிக்குக் காது கேக்கலைன்னு அர்த்தம்."

வீட்டுக்காரரிடம் சொன்னாள். "இதுக்குப் போயா மண்டைய உடைச்சுக்கற? ரெண்டையும் எடுத்து என் பையில போட்டுக்கறேன். குழந்தைக்கும் சந்தோஷம், சாமிக்கும் நல்ல பேரு."

"சாமி கையெழுத்த நாமளே போடறதாங்க?"

"உனக்கு எல்லாமே பெரிசுதான்" என்று அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

எடுத்து ஒளித்தால் அது பொய்யான அற்புதம். எடுக்காவிட்டால் பிள்ளை மனசில் கடவுள் செவிடு. உண்மையைச் சொல்லிவிட்டால்? அப்பா சொன்ன மாமா பொய் என்றால், அதே அப்பாவும் அம்மாவும் சொன்ன சாமி மட்டும்? அந்த இடம் வந்ததும் அவள் கை நின்றுவிடும், விரிப்பு தரையைத் தொடும்.

இஸ்திரி போடும் அண்ணன், "வளந்தா தானா தெரிஞ்சுக்கும், விடும்மா. எங்க வீட்ல மூணும் பூச்சாண்டிய நம்பித்தான் சோறு தின்னுச்சு" என்றார்.

"உங்க பூச்சாண்டிக்காக யாரும் சாமிகிட்டக் கேக்கலையேண்ணே" என்றாள்.

சனிக்கிழமை நடந்ததைத் திங்களன்று அவளே சொன்னாள்.

மெஷின் நின்றது. குழந்தை அதன் முன்னால் குந்தியிருந்தது. நீ நகரு, நான் பார்த்துக்கறேன் என்று வீட்டுக்காரர் கண்ணால் ஜாடை காட்டினார். இவள் நகரவில்லை. கதவைத் திறந்து, வாயைச் சுற்றியிருக்கிற ரப்பர் மடிப்புக்குள் விரலை விட்டாள். அழுக்கும் நுரையுமாக ஒற்றை சாக்ஸ் ஒன்று வந்தது. இன்னொன்று, இன்னும் ஒன்று. சிவப்பு சாக்ஸ் இரண்டும் துணிகளுக்கு நடுவே கிடந்தன.

"மாமான்னு யாரும் இல்லம்மா. அப்பா விளையாட்டுக்குச் சொன்னாரு. தெரிஞ்சும் நான் சும்மா இருந்தேன். தப்புதான்."

குழந்தை ஈர சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம், "அப்ப சாமி?" என்றது.

இவள் பயந்த கேள்வி இதுதான்.

"அப்ப சாமி இத்தன நாளா அவரத் தேடிட்டு இருந்திருப்பாராம்மா?"

அன்று சாயங்காலம் குழந்தைதான் முதலில் உட்கார்ந்தது. "சாமி, தேட வேண்டாம். அப்படி ஒருத்தர் இல்லையாம். அப்பாதான் சொன்னாரு. கால் எடுத்து வெச்சிருந்தா வேற யாருக்காவது குடுத்துடு." சிரிப்பை மறைக்கத் தலை குனிந்த வீட்டுக்காரர் வெகுநேரம் நிமிரவில்லை.

"அப்புறம் என்னக்கா, நல்லபடியா முடிஞ்சுதே" என்றேன்.

"எங்க முடிஞ்சுது? இப்ப எத சொன்னாலும், இது நெசமா கதையான்னு கேக்குது. நேத்து சாமியப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். கேக்கக்கூட இல்ல, என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தது."

"நீங்க?"

"நானும் கண்ண எடுக்கல" என்று சொல்லிவிட்டு, அடுத்த விரிப்பின் முனையை என்னிடம் நீட்டினாள்.