கன்னியப்பன் வரைந்த கடலோர வழி

கன்னியப்பன் இறந்துவிட்டார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்கு வந்தது. ராயபுரத்தில் எங்கள் கருப்பட்டி மண்டியின் கதவுப் பலகைகளை அப்போதுதான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். துறைமுகத்தில் அவரோடு கிரேன் ஓட்டிய ஒருவர், சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "கன்னியப்பன் பூட்டாரு சார். காமாலை முத்திப்போச்சு. நாலு மணிக்கு எடுக்குறாங்க. வந்துடுங்கோ."

நான் திருவொற்றியூரில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முன்பே ஒரு பெரிய மாலை வந்திருந்தது. நானும் கன்னியப்பனும் ஆறு வருடம் வேலை பார்த்த விமானக் கம்பெனி அனுப்பிய மாலை அது. பதினைந்து நாள் கழித்து அதே கம்பெனி ஓர் இரங்கல் கூட்டமும் நடத்தியது. மானேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்றார். ஒரு நினைவு மலர் வெளியிடப் போவதாகவும், பழைய நண்பன் என்ற முறையில் நான் இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். எழுதியிருக்கிறேன். அவர்கள் போடமாட்டார்கள் என்பதால், அவரை அறிந்த உங்களுக்கு நானே அச்சடித்து அனுப்புகிறேன்.

உங்களில் சிலருக்கு அவரைக் கிரேன்காரராக மட்டும்தான் தெரியும். அவர் விமானி. வியாசர்பாடியில் மில் தொழிலாளிக்குப் பிறந்து, பள்ளியிறுதி வரை படித்து, யுத்த காலத்தில் விமானப்படையில் எஞ்சின் மெக்கானிக்காகச் சேர்ந்தார். யுத்தம் முடிந்து எங்கள் கம்பெனிக்கு வந்தார். எங்களிடம் துணிபோர்த்திய இறக்கைகளோடு இரண்டு சின்ன விமானங்கள் இருந்தன. நிலம் அளக்கிறவர்களை ஏற்றிப் போவது, ஊருக்கு மேலே விளம்பர நோட்டீஸ் போடுவது, ஆசைப்பட்டவர்களைச் சுற்றிக் காட்டுவது, இதுதான் பிழைப்பு. பழுது பார்த்த விமானத்தில் முதல் தடவை தனியாக ஏற எந்த விமானியும் விரும்பவில்லை. கன்னியப்பன்தான் விமானியோடு கூட ஏறினார். "ரிப்பேர் பண்ணவன் மொதல்ல குந்தணும். அப்பத்தான் ஸ்குரூவ ஒழுங்கா முடுக்குவான்" என்பார். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே ஓட்டக் கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதி லைசென்சும் வாங்கிவிட்டார். வாடிக்கைக்காரர்களுக்கு முன்னால் வீடு எங்கே என்று யாராவது கேட்டால் பெரம்பூர் என்று சொல்லும்படி மானேஜர் அவரிடம் சொல்லிவைத்திருந்தார். கன்னியப்பன் ஒவ்வொரு முறையும் வியாசர்பாடி என்றுதான் சொன்னார்.

நான் அங்கே குமாஸ்தா. வானிலை கேட்டு எழுதுவது, எந்த விமானம் எத்தனை மணிக்கு எங்கே போகிறது என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தெரிவிப்பது, தபால் பதிவேடு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. இருவரும் கடற்கரை ஸ்டேஷனில் ஒரே மின்சார ரயிலைப் பிடித்து மீனம்பாக்கம் போவோம். ரயில் பெட்டியிலும் அவர் கழுத்து ஒரு நிலையில் நிற்காது. இடது, மேல், வலது, பின்னால் என்று திரும்பிக்கொண்டே இருக்கும். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "மேல ரோடு இல்ல செல்லையா. ரோடு இல்லாத எடத்துல எல்லா மூலையிலேந்தும் வண்டி வரும்" என்றார். அவர் சொன்னது சும்மா இல்லை. கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பயணிகள் விமானங்கள், தபால் விமானம், தாம்பரத்து விமானப்படைப் பிள்ளைகள் பயிற்சிக்கு ஓட்டுபவை என்று சென்னை வானம் அப்போதே நிறைந்துகொண்டிருந்தது. எங்கள் விமானங்களில் ரேடியோ கிடையாது. கோபுரத்திலிருந்து பச்சை விளக்கு காட்டினால் இறங்கலாம், சிவப்பு காட்டினால் கூடாது. மற்றதெல்லாம் கண்ணும் கழுத்தும்தான்.

ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடந்தார். பல நாள் நானும் கூடப் போனேன். ஒவ்வொரு ஆலை வாசலிலும் நின்று புகைபோக்கி எத்தனை அடி என்று விசாரிப்பார். தண்டையார்பேட்டையில் ஒரு காவல்காரர் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இன்னாத்துக்குக் கேக்குற? ஏறப் போறியா?"

"இல்ல நைனா. இடிக்காம போவப் போறேன்."

காவல்காரர் சிரித்துவிட்டு உள்ளே போய் மேஸ்திரியிடம் கேட்டு வந்து அளவைச் சொன்னார். மொட்டை மாடிகளில் மாஞ்சா போட்டுக் காற்றாடி விடும் தெருக்கள், மீன் இறங்கும் நேரத்தில் பருந்துகள் வட்டமிடும் இடம், கடற்காற்று கரையேறும் மணி எல்லாவற்றையும் விசாரித்தார். பிறகு ஒரு பெரிய பழுப்புக் காகிதத்தில் நீலப் பென்சிலால் கடற்கரையை வரைந்து எல்லாவற்றையும் குறித்தார். அதில் வடக்கே போவதற்கு ஒரு வழி, அலை உடையும் கோட்டுக்கு மேலே எண்ணூறு அடியில். திரும்புவதற்கு இன்னும் அரை மைல் கடலுக்குள், அதைவிட உயரத்தில் வேறொரு வழி. துறைமுகத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். கல்கத்தா விமானம் எண்ணூர் அருகே தாழத் தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. எஞ்சின் நின்றுபோனால் இறங்க மணல் எங்கே இருக்கிறது என்பதையும் குறித்திருந்தார். மானேஜர் அதைப் பார்த்துவிட்டு, "பெட்ரோலுக்கு யார் அழுவது?" என்று திருப்பிக் கொடுத்தார்.

திருவொற்றியூர்த் தேருக்கு ஒரு வாரம் முன்பு ஒரு சோப்புக் கம்பெனிக்காக நோட்டீஸ் போடும் வேலை வந்தது. கன்னியப்பன் ஆயிரம் அடியிலிருந்து போட்டுப் பார்த்தார். காற்று அத்தனையையும் வடக்கே தள்ளிக்கொண்டு போய் முகத்துவாரக்குப்பத்தில் கொட்டியது. அங்கே இரண்டு நாள் அந்தக் காகிதத்தில்தான் கருவாடு மடித்தார்கள். சோப்புக்காரர் கத்தினார். தேரன்று முந்நூறு அடியில், கூட்டத்தின் தலைக்கு மேலேயே போட வேண்டும் என்று மானேஜர் உத்தரவிட்டார்.

"முடியாது சார்."

"பயமா?"

"ஆமா சார், பயம்தான். எஞ்சின் நின்னா எறங்க மண்ணு தெரியணும். தேரன்னிக்குத் தலைதான் சார் தெரியும்."

அன்று மாலை அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். ஏன் முந்நூறு அடி கூடாது, ஏன் கல்கத்தா விமானம் வரும் நேரம் கூடாது, யார் ஓட்டினாலும் திரும்பும்போது ஏன் கடல் பக்கமாகவே வர வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம். முத்திரை குத்தி, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, மானேஜர் மேஜையில் வைத்தேன்.

வேலை ரகுநாதனுக்குப் போயிற்று. நல்ல குடும்பத்துப் பிள்ளை, இருபத்து நான்கு வயது, நன்றாகவே ஓட்டுவான். கன்னியப்பன் அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழுப்புக் காகிதத்தைக் காட்டினார். ரகுநாதன் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டான். ஆனால் நோட்டீஸின் முதல் கட்டு தீர்ந்தவுடன் நேரே மீனம்பாக்கம் வந்து இரண்டாவது கட்டை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், சுற்றிக்கொண்டு வர நேரமில்லை என்று கன்னியப்பன் இல்லாதபோது மானேஜர் அவனிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

தேரன்று கன்னியப்பன் தன் மனைவி தனகோட்டியோடு திருவொற்றியூர்க் கடற்கரையில் நின்றிருந்தார். நோட்டீஸ் மழையாகக் கொட்டியது, ஜனங்கள் கைதட்டினார்கள். மூன்று சுற்று முடித்து விமானம் கடலுக்குத் திரும்பாமல் தெற்கே ஊருக்கு மேல் ஏறத் தொடங்கியது. அவர் தலையை அண்ணாந்து, "கடலாண்ட போடா ரகு! கடலாண்ட போ!" என்று கத்தினாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். கல்கத்தா விமானம் அன்று சற்று முன்னதாகவே வந்துகொண்டிருந்தது. காலை வெயில் கண்ணில் அடிக்க ரகுநாதன் அதைக் கடைசி நேரத்தில்தான் பார்த்திருக்க வேண்டும். செங்குத்தாகச் சாய்த்துக் கடல் பக்கம் திருப்பினான். வேகம் செத்துப்போய் விமானம் காசிமேட்டுக்கு வடக்கே மணலில் விழுந்தது. அங்கே மீன் காயவைத்துக்கொண்டிருந்த முனியம்மா என்ற பெண்மணியும் ரகுநாதனும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். கல்கத்தா விமானம் பத்திரமாக இறங்கியது. கீழே ஏதோ சின்னதாகக் கடந்துபோனது என்று அதன் விமானி சொன்னார். கன்னியப்பன் திருவொற்றியூரிலிருந்து மணலிலேயே ஓடிவந்து சேர்ந்தபோது, முனியம்மாவின் புருஷன் அவளருகே உட்கார்ந்திருந்தார். "நான் ஓட்ட வேண்டியது. மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்று கன்னியப்பன் அவரிடம் சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பிறகு விசாரணையில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தினார்கள்.

கோபத்தினால் கடைசி நேரத்தில் வேலையை மறுத்தார், ஆபத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு யாரையும் எச்சரிக்கவில்லை என்று கம்பெனி சொன்னது. கடிதம் கொடுத்தேன் என்றார் கன்னியப்பன். அப்படி எதுவும் வரவில்லை என்றார் மானேஜர். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதில் கடிதம் இல்லை. இல்லாததற்குக் காரணம் நான். விசாரணைக்கு மூன்று நாள் முன்பு மானேஜர் என் மேஜைக்கு ஒரு புதிய பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்து, "அந்த மாதத்தைப் பார்த்து எழுது. ஒரு வரியை விட்டுவிட்டு" என்றார். ஒரு மதியத்தில் எழுதி முடித்தேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. வேலை போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான். விசாரணை அதிகாரி என்னைக் கேட்டபோது, "நினைவில்லை" என்றேன். கன்னியப்பன் திரும்பி என்னைப் பார்த்தார். அன்று சாயங்கால ரயிலில் அவர் வேறு பெட்டியில் ஏறினார்.

அவருடைய லைசென்சைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். துறைமுகத்தில் கிரேன் வேலை கிடைத்தது. மூன்று மாதத்தில் எங்கள் அலுவலகச் சுவரில் கண்ணாடி போட்ட படம் ஒன்று மாட்டப்பட்டது. சென்னையின் வடக்குக் கடற்கரையில் சிறு விமானங்கள் பறக்க வேண்டிய வழி என்று தலைப்பு, கீழே மானேஜரின் கையெழுத்து. எண்ணூறு அடி, அரை மைல், துறைமுகத்தைச் சுற்று, கல்கத்தா விமான நேரம், எல்லாம் அப்படியே. தண்டையார்பேட்டையில் ஒரே புகைபோக்கியை நாங்கள் இரண்டு தெருக்கள் வழியாகப் போய்ப் பார்த்து, தவறுதலாக இரண்டு முறை குறித்திருந்தோம். படத்திலும் இரண்டு இருந்தன. இல்லாத அந்தப் புகைபோக்கியைச் சுற்றித்தான் இன்றைக்கும் விமானங்கள் போகின்றன. அதற்குப் பிறகு அந்தக் கடற்கரையில் ஒரு விபத்தும் இல்லை. அதற்காக இரங்கல் கூட்டத்தில் மானேஜரைப் பாராட்டியும் ஒருவர் பேசினார்.

நான் அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு மண்டிக்கு வந்தேன். மனசாட்சியினால் அல்ல, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அதன் பிறகு அவரை மூன்று முறை துறைமுக வாசலில் பார்த்தேன். மூன்று முறையும் அவர் எனக்காக நிற்கவில்லை.

சென்ற மாதம் ராயபுரத்து ஆஸ்பத்திரியில் அவரைப் போய்ப் பார்த்தேன். கண் மஞ்சளாக, வயிறு உப்பி, கட்டிலில் சாய்ந்திருந்தார். தனகோட்டி அம்மாள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். பதிவேட்டை எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?" என்றார்.

"என்னை மன்னிச்சிடுங்க கன்னியப்பன்."

"மன்னிக்க நான் யாரு? அந்த மீன்காரம்மா வூட்ல போய்க் கேளு. ரகுவோட அம்மாவாண்ட கேளு. அந்தம்மா இன்னும் நான்தான் அவனத் தள்ளிவுட்டேன்னு நெனச்சிகினு கீது." மூச்சு வாங்கிக்கொண்டார். "என்கிட்ட வந்து சொல்ற. என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? போ. கேக்க வேண்டியவங்களாண்ட போய்ச் சொல்லு."

தனகோட்டி அம்மாள் ஆற்றிய கஞ்சியை அவர் வாயருகே கொண்டுபோனார். நான் எழுந்து வந்துவிட்டேன். போய்ச் சொல்லவில்லை. இருபத்தாறு நாள் கழித்து அந்தச் சைக்கிள்காரர் வந்தார்.

இரங்கல் கூட்டத்தில் எல்லோரும், அவர் யார் மீதும் கோபமில்லாமல் போய்ச் சேர்ந்தார் என்று பேசினார்கள். அது உண்மையில்லை. எங்கள் எல்லோர் மீதும் தீராத கோபத்தோடுதான் போனார். அந்தக் கோபத்துக்கு அவருக்கு உரிமை இருந்தது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதைச் சாந்தம் என்று மாற்றி எழுத நான் சம்மதிக்கவில்லை.

முனியம்மாவின் வீட்டுக்கு இன்னும் போகவில்லை. நேற்று ரகுநாதனின் தாயார் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த மனுஷன் இருக்காரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்.