மிஷின் கேட்ட கேள்வி

எண்பதுகளின் கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பயிற்சி டாக்டர். கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று தட்டினால் என்ன நோயாக இருக்கலாம் என்று பட்டியல் போடும் கம்ப்யூட்டர் அங்கே புதிதாக வந்திருந்தது.

ஆம்பூரிலிருந்து ஒருவரை அவர் மனைவி கூட்டி வந்தார். காய்ச்சல், மூச்சுத் திணறல். "பதனிடாத பச்சைத் தோலைக் கையாள்பவரா?" என்று திரை கேட்டது. அவரோ சலவைச் சட்டையும் பவுடர் வாசனையுமாக இருந்தார். எங்கள் பக்கம் முன்பின் தெரியாதவரிடம் இதைக் கேட்டால், 'உன்மேல் நாறுகிறது' என்று சொன்னதாகிவிடும். என் அப்பாவே தோல் பதனிடும் பட்டறையில், எங்கள் பேச்சில் தோல் ஷாப்பில், வேலை பார்த்தவர். டாக்டரிடம் போகுமுன் இரண்டு முறை குளிப்பார். அது தெரிந்தும், கேட்காமலேயே 'இல்லை' தட்டினேன். நிமோனியா என்று வந்தது. அதற்கே மருந்து கொடுத்தோம்.

மறுநாள் அவருக்கு மூச்சு இழுத்தது. "வீட்டுக்காரரு இன்னா வேலைம்மா பண்றாரு?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"தோல் ஷாப்புல சார். நாத்தம் அடிக்கக் கூடாதுன்னு சோப்பு போட்டு குளிப்பாட்டி இட்டாந்தேன்."

ஓடிப்போய் 'ஆம்' என்று மாற்றித் தட்டினேன். மாட்டுத் தோலிலிருந்து தொற்றும் ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோய் பட்டியலில் முதலாவதாக வந்து நின்றது. மருந்தை மாற்றினோம். சாயங்காலம் அவர் இறந்துபோனார்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மிஷினெல்லாம் வெச்சுப் பாத்தீங்களே சார், அதுக்கு மேல இன்னா செய்ய முடியும்?"

மிஷின் சரியாகத்தான் கேட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.