சிஸ்டருக்குப் போன ஏலக்காய்

என் வீட்டுக்காரர் இருமினால் செம்மண் குழம்பு மாதிரி சளி வரும். உலகச் சண்டை தொடங்கிய வருஷம், ஐப்பசி மழை. மேகமலையில் ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர் லயத்து வீட்டில் இருந்தோம். "இது காசந்தான். வர்ற சனிக்கிழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணிருங்க" என்று கங்காணி சொல்லிவிட்டார். சாகக் கிடக்கிறவரையும் மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு எங்கே போவேன்? மாதாவிடம் அழுதேன். அழுததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சிஸ்டர் இருந்தார். தபால்காரரிடம் ஒரு கண்ணாடிக் குப்பி கொடுத்தனுப்பினார். விடியற்காலைச் சளியை அதில் பிடித்து அனுப்பினால், காசமா இல்லையா என்று பார்த்துச் சொல்வாராம். கெஞ்சிக் கூத்தாடி என் வீட்டுக்காரரைத் துப்பவைத்தேன். "மாதாவே, இது பத்திரமாகப் போய்ச் சேரணும்" என்று வேண்டி, தபால்காரர் எடுத்துப்போக வாசலில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடினேன்.

சாயங்காலம் என் மதினி, அவருடைய அக்கா, பெருமையாகச் சொன்னார்.

"நல்லவேள நான் பாத்தேன். சிஸ்டர் குடுத்த குப்பிய அம்புட்டு அசிங்கமாவா திருப்பிக் குடுப்பாக? சாம்பல் போட்டு வெளக்கிட்டேன். வெறுங்குப்பியாக் குடுத்தா நல்லாவா இருக்கும்? ஏலக்காய் நெறச்சுக் குடுத்துவிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரம்! "ஐயோ மதினி, அதுலதான அவுக உசுரே இருந்துச்சு!" என்று கத்தினேன். அன்று செபமாலையைத் தொடவே இல்லை. ஒரு குப்பியைக் காப்பாற்றக்கூட மாதாவுக்கு மனமில்லையா என்று வெறுத்துப்போனேன்.

மறுநாள் தபால்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். "ஏலக்காய் நல்ல வாசமாம், டாக்டரம்மா சொன்னாக. இனிமே குப்பியே வேணாமாம். ஆளத் தூக்கிட்டு வரச் சொன்னாக."

கம்பளியில் தூளி கட்டி, நாலு பேர் அந்தப் பாழாய்ப்போன பாதையில் இறக்கினார்கள். சிஸ்டர் முன்னாலேயே அவர் துப்பினார். சூடு ஆறுவதற்குள் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார் சிஸ்டர்.

"காசம் இல்லம்மா. சீதபேதிக் கிருமி ஈரலைப் புண்ணாக்கி நெஞ்சுக்கு ஏறியிருக்கு. ஊசி இருக்கு, பிழைச்சுக்குவார். உயிரோட நெளியுது, அதனாலதான் தெரிஞ்சுது. மலையிலிருந்து குப்பியில வந்திருந்தா செத்துப்போயிருக்கும். நானும் ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருப்பேன்."

அந்த இடத்திலேயே மண்டியிட்டு விழுந்தேன்.

தை மாதம் அவர் வேலைக்குத் திரும்பினார். காலி பண்ணச் சொன்ன கங்காணியே அவர் பேரைப் பேரேட்டில் எழுதிக்கொண்டார். மதினியோ, தன் ஏலக்காய்தான் தம்பியைக் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்தால், அதையும் செபமாலையோடு சேர்த்து மாதாவிடமே சொல்லிவிடுகிறேன்.

கேட்டது கிடைக்கவில்லையே என்று வெறுத்துக் கிடக்கிற சகோதரிகளே, கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். அந்தக் குப்பி போய்ச் சேரணும் என்றுதான் நான் வேண்டினேன். அதைச் சேரவிடாமல் பண்ணித்தான் என் தாலியைக் காப்பாற்றினாள் அந்தத் தாய்.